மீட்சி நிதி: அதிகாரம் மக்கள் கையில் வேண்டும்

மைசூரு செலுவாம்பா மாளிகையில் 1950 முதல் இயங்கிவரும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், பேரிடர்க் காலங்களில் நாடு முழுவதும் நினைவுகூரப்படும் பெயர். 2015இல் நேபாளத்தை நிலநடுக்கம் உலுக்கியபோதும், 2018இல் கேரளமும் குடகும் வெள்ளத்திலும் நிலச்சரிவிலும் சிக்கியபோதும், உடனடியாக உண்ணத்தக்க உணவுப் பொட்டலங்கள் அங்கிருந்தே புறப்பட்டன. அறிவியலைத் துயருற்ற மக்களின் பசி தீர்க்கப் பயன்படுத்தும் அந்தப் பணி போற்றத்தக்கது.

ஆனால், உணவுப் பொட்டலம் தீர்ப்பது முதல் வாரத்தின் பசியை மட்டுமே. முகாம்கள் கலைக்கப்பட்ட பின்னர், அமைச்சர்களின் வருகையும் தொலைக்காட்சி வாகனங்களின் இரைச்சலும் ஓய்ந்த பின்னர், இடிபாடுகளின் நடுவே வாழும் மக்களுக்கு மூன்றாம் ஆண்டில் யார் துணை? வீடு எங்கே கட்டப்பட வேண்டும், எப்படிக் கட்டப்பட வேண்டும், பட்டியலில் யார் பெயர் இடம்பெற வேண்டும் என்பதை முடிவு செய்வது யார்? பேரிடர் அரசியலின் உண்மையான கேள்வி இங்கேதான் தொடங்குகிறது.

இது மைசூருக்குத் தொலைவான கேள்வி அன்று. 2022 ஜூன் இறுதியில் அண்டை மாவட்டமான குடகிலும், அதையடுத்த சுள்யா வட்டாரத்திலும் சிறு நில அதிர்வுகள் அடுத்தடுத்து உணரப்பட்டன. பெரும் சேதம் இல்லை. எனவே செய்தி விரைவில் மறக்கப்பட்டது. 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் ஏறத்தாழ 8000 உயிர்களைப் பறித்த நிலநடுக்கத்தின் மையமான மகாராஷ்டிரத்தின் கில்லாரி, அந்நாளைய நிலநடுக்க வரைபடத்தில் ஆபத்து மிகக் குறைந்த மண்டலத்தில்தான் வைக்கப்பட்டிருந்தது என்பதை மறந்துவிடலாகாது.

லாத்தூரும் கட்ச்சும் கற்பித்தவை

லாத்தூர், உஸ்மானாபாத் மாவட்டங்களின் மறுகட்டமைப்பு, உலக வங்கிக் கடனுடன் இரண்டு வெவ்வேறு வழிகளில் நடந்தது. முற்றாக அழிந்த 52 கிராமங்கள் புதிய இடங்களுக்கு மாற்றப்பட்டன. அங்கே ஒப்பந்ததாரர்களும் நன்கொடை நிறுவனங்களும், நகரக் குடியிருப்புகளைப் போல நேர்கோட்டுத் தெருக்களில் வீடுகளைக் கட்டிக் கொடுத்தனர். கால்நடைக்குத் தொழுவம் எங்கே, தானியம் சேமிக்க இடம் எங்கே, வயலுக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று அந்த மக்களிடம் போதுமான அளவில் கேட்கப்படவில்லை. விளைவாக, புதிய வீட்டின் அருகிலேயே தமக்கு ஏற்ற கொட்டகையை மீண்டும் எழுப்பிக்கொண்ட குடும்பங்கள் பல.

ஓரளவு சேதமடைந்த கிராமங்களிலோ வேறு வழி பின்பற்றப்பட்டது. உரிமையாளரே வீட்டைப் பழுதுபார்த்து வலுப்படுத்திக்கொள்ள நிதி தரப்பட்டது. 1200க்கும் மேற்பட்ட கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களே அரசுக்கும் மக்களுக்கும் இடையில் தொடர்பாளர்களாக நியமிக்கப்பட்டனர். எந்தச் சுவரை எப்படி வலுப்படுத்துவது, சிமெண்டும் கம்பியும் எவ்வளவு தேவை என்பதையெல்லாம் அவர்கள் கற்றனர், மற்றவர்களுக்கும் கற்பித்தனர். அதுவரை கிராமப் பொது விவகாரங்களில் குரல் மறுக்கப்பட்டிருந்த பெண்கள், பொறியாளரிடம் கணக்குக் கேட்கும் நிலைக்கு உயர்ந்தனர்.

2001 ஜனவரி 26 காலையில் குஜராத்தின் கட்ச் பகுதியைத் தாக்கிய நிலநடுக்கத்தில் 13,800க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்கும் கிராமங்களை இடம் மாற்றும் திட்டமே முதலில் முன்வைக்கப்பட்டது. பெரும்பாலான கிராமங்கள் அதை ஏற்க மறுத்தன. அந்த எதிர்ப்பின் பயனாக, வீட்டுக்கான உதவித்தொகை தவணைகளாக உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கே செலுத்தப்பட்டது. ஒவ்வொரு கட்டமும் பொறியாளரால் சரிபார்க்கப்பட்ட பின்னரே அடுத்த தவணை விடுவிக்கப்பட்டது. நாட்டின் மறுகட்டமைப்பு வரலாற்றில் இது ஒரு திருப்பம்.

ஆயினும் பணத்தை வங்கியில் செலுத்துவது மட்டும் போதுமானதாக இருக்கவில்லை. விண்ணப்பத்தை நிரப்பவும், சேத மதிப்பீட்டில் நேர்ந்த பிழையைத் திருத்தவும், அரசாணையை மக்களின் மொழியில் விளக்கவும் யாரேனும் வேண்டும். 1998 புயலுக்குப் பின் உள்ளூர் அமைப்புகள் ஒன்றிணைந்து உருவாக்கியிருந்த ‘கட்ச் நவநிர்மாண் அபியான்’, கிராமத் தொகுதிகள்தோறும் ‘சேது’ என்ற தகவல் மையங்களை அமைத்து இந்தப் பணியை ஏற்றது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் கூட்டமைப்பு நிலநடுக்கத்துக்குப் பின் அவசரமாக முளைத்ததன்று; அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே வேரூன்றியது. மக்கள் அமைப்பைப் பேரிடருக்கு மறுநாள் கட்டளையிட்டு உருவாக்க முடியாது. முன்னரே இருந்தால்தான் அது நிற்கும். பின்னரும் பல ஆண்டுகள் ஆதரவு கிடைத்தால்தான் அது நிலைக்கும்.

‘சமூகம்’ என்பது ஒரே முகம் உடையதன்று

இந்த அனுபவங்களை மெருகேற்றிச் சொல்லும் போக்கும் உண்டு. அதை அப்படியே ஏற்பதற்கில்லை. சாதியும் வர்க்கமும் பிளந்து வைத்திருக்கும் ஊரில் ‘உள்ளூர்ச் சமூகம்’ என்ற சொல் ஆதிக்கச் சக்திகளுக்கு முகமூடியாகவும் அமைந்துவிடும். கட்ச்சில் நிவாரணம் வழங்குவதிலேயே தலித் மக்களும் இஸ்லாமியரும் பாகுபாட்டுக்கு உள்ளானதாகப் புகார்கள் எழுந்தன. உரிமையாளருக்கே உதவி என்ற விதியால், பூஜ் நகரின் வாடகைக் குடியிருப்பாளர்கள் தொடக்கத்தில் விடுபட்டனர். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடற்கரையில் படகு உடையவர்களுக்கு உதவிகள் குவிந்தபோது, தலித் விவசாயத் தொழிலாளர்களும் இருளர் மக்களும் கணக்கில் வரவே போராட வேண்டியிருந்தது.

மற்றோர் ஆபத்தும் உண்டு. அரசு தன் கடமையிலிருந்து விலகிக்கொண்டு, அந்த இடத்தில் தன்னார்வ நிறுவனங்களை நிறுத்துவதற்குச் ‘சமூகப் பங்கேற்பு’ என்ற முழக்கத்தை நவதாராளவாதம் பயன்படுத்திவருகிறது. பன்னாட்டு நன்கொடை உலகமும் இதே பாதையில்தான் செல்கிறது. 2016இல் இஸ்தான்புல் உலக மனிதநேய உச்சி மாநாட்டில், உதவி நிதியில் 25 சதவீதம் 2020க்குள் உள்ளூர், தேசிய அமைப்புகளைச் சென்றடைய வேண்டும் என இலக்கு வைக்கப்பட்டது. அந்த இலக்கு எட்டப்படவில்லை. பெருந்தொகை பெரிய முகமைகளிடமே தங்கியது.

அதனால், தன்னார்வ நிறுவனங்கள் மீதான விமர்சனத்தையே காரணமாக்கி உள்ளூர் மக்கள் அமைப்புகளுக்கான நிதிக் கோரிக்கையிலிருந்து இடதுசாரிகள் ஒதுங்கி நிற்கலாமா? கூடாது. நன்கொடையாளரிடம் மட்டும் கணக்குக் காட்டும் நிறுவனம் வேறு. கிராமசபையிடமும் தன் உறுப்பினர்களிடமும் கணக்குக் காட்டும் பெண்கள் குழு, தொழிலாளர் கூட்டுறவு, விவசாயிகள் சங்கம் வேறு. முன்னதை விமர்சிக்கும் உரிமை, பின்னதற்காகப் போராடும் கடமையோடு பிணைந்தது. அரசு விலக வேண்டும் என்பதன்று கோரிக்கை. அரசின் பணம் மக்களின் கட்டுப்பாட்டில் செலவாக வேண்டும் என்பதே கோரிக்கை.

நிதி எங்கே நிற்கிறது?

நீண்டகாலம் வரை, அரசின் பேரிடர் நிதி விதிமுறைகள் உடனடி நிவாரணத்தையே மையமாகக் கொண்டிருந்தன. 15ஆவது நிதிக்குழுதான் 2021-26 காலத்துக்கு மாநிலப் பேரிடர் அபாய மேலாண்மை நிதிகளுக்கென 1,60,153 கோடி ரூபாயைப் பரிந்துரைத்து, அதில் 30 சதவீதத்தை மீட்சிக்கும் மறுகட்டமைப்புக்கும் தனியே ஒதுக்கியது. இது முன்னேற்றமே. ஆனால் அந்தத் தொகையில் ஒரு பங்கை ஊராட்சிகளிடமோ மக்கள் அமைப்புகளிடமோ கட்டாயமாக வழங்க வேண்டும் என்ற ஏற்பாடு இல்லை.

வயநாடு அனுபவம் ஒன்றிய அரசின் மனநிலையை வெளிச்சமிட்டுக் காட்டுகிறது. 2024 ஜூலை 30 அன்று முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் ஏறத்தாழ 300 உயிர்களை விழுங்கிய நிலச்சரிவில், தமிழ் வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களும், பிழைப்புக்காகச் சென்ற சாமராஜநகர், மண்டியா மாவட்டத்தினரும் மாண்டனர். மறுகட்டமைப்புக்குக் கேரளம் 2,221 கோடி ரூபாய் கோரியது. 2025 பிப்ரவரியில் ஒன்றிய அரசு அளித்ததோ 529.50 கோடி ரூபாய் கடன். அதையும் அடுத்த மாத இறுதிக்குள் செலவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு! பல ஆண்டுகள் தேவைப்படும் பணிக்குச் சில வாரங்களே கெடு. பாதிக்கப்பட்டோரின் கடன்களுக்குச் சலுகை அளிக்க வழிவகுத்த பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 13ஆவது பிரிவும் 2025ஆம் ஆண்டின் திருத்தத்தில் நீக்கப்பட்டது.

பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியிலும் இதே ஓரவஞ்சனை. பிரதமர் பெயரிலான நிதிகளுக்கு அளித்தால் அது சமூகப் பொறுப்புச் செலவாகக் கணக்கில் கொள்ளப்படும். முதலமைச்சர் நிவாரண நிதிக்கு அளித்தால் கொள்ளப்படாது. மக்களுக்கு அருகில் செல்லச் செல்ல நிதியின் வாய்க்கால் அடைக்கப்படுகிறது.

இதற்கு எதிரான மாற்று வழியும் கேரளத்திலேயே உள்ளது. 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தது. 1998இல் உருவான குடும்பஸ்ரீ, பேரிடர் நேரும்போதெல்லாம் வீடுகளைத் துப்புரவு செய்வதிலிருந்து வாழ்வாதாரக் கடன் பெற்றுத் தருவதுவரை களத்தில் நிற்கிறது. வயநாட்டின் எல்ஸ்டன் தோட்டத்தில் 400க்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட நகரியத்தைக் கட்டும் பொறுப்பு, 1925இல் தொழிலாளர்களால் தொடங்கப்பட்ட ஊராளுங்கல் கூட்டுறவுச் சங்கத்திடம் தரப்பட்டது.

நசீர் சாபின் ஊரில்

அதிகாரப் பரவல் கர்நாடகத்துக்கு அந்நியமானதன்று. 1980களில் ஊரக வளர்ச்சி அமைச்சராக இருந்த அப்துல் நசீர் சாப் கொண்டுவந்த சட்டத்தின்படி 1987இல் நடந்த தேர்தல், மண்டல் பஞ்சாயத்துகளுக்கும் மாவட்டப் பரிஷத்துகளுக்கும் உயிர் கொடுத்தது; பெண்களுக்கு 25 சதவீத இடங்களை உறுதிசெய்தது. அவர் பெயர் தாங்கிய ஊரக வளர்ச்சி, பஞ்சாயத்து ராஜ் பயிற்சி நிறுவனம் மைசூரில்தான் இயங்குகிறது. அதே மாநிலத்தில், 2021இல் பதவிக்காலம் முடிந்த மாவட்ட, தாலுகா பஞ்சாயத்துகளுக்கான தேர்தல் ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டது. 2023 நவம்பரில் பதவிக்காலம் முடிந்த மைசூரு மாநகராட்சி மன்றத்தின் கதையும் இதுவே. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லாத இடத்தில் பேரிடர் நேர்ந்தால், மீட்சிப் பட்டியலை அதிகாரிகளும் ஒப்பந்ததாரர்களும் மட்டுமே தயாரிப்பர்.

2018இல் குடகில் வீடிழந்தோர் புதிய வீடுகளுக்குச் செல்ல ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் காத்திருந்தனர். அந்த இடைக்காலத்தில் வாடகைக்கும் வேலைக்கும் குழந்தைகளின் படிப்புக்கும் அலைந்த குடும்பங்களுக்கு, ஊரிலேயே நிதியும் அதிகாரமும் உள்ள ஓர் அமைப்பு இருந்திருந்தால் அது எத்துணை ஊன்றுகோலாக அமைந்திருக்கும்! காபித் தோட்டங்களின் லைன் வீடுகளில் வாழ்ந்து, சொந்த நிலமோ பட்டாவோ இல்லாத தொழிலாளிக்கு அது இன்னும் கூடுதலாகத் தேவைப்படும்.

எனவே கோரிக்கைகள் தெளிவாக முன்வைக்கப்பட வேண்டும். மீட்சி, மறுகட்டமைப்பு நிதியில் குறிப்பிட்ட பங்கு ஊராட்சிகள், வார்டு குழுக்கள் வழியாக உள்ளூர் மக்கள் அமைப்புகளுக்கு, குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு உறுதி செய்யப்பட வேண்டும். கணக்கெடுப்பு, மேற்பார்வை, ஆலோசனைப் பணிகளில் ஈடுபடும் பெண்களுக்கு அது தொண்டு என்று சொல்லி ஏய்க்காமல் ஊதியம் வழங்க வேண்டும். வாடகைதாரர், நிலமற்றோர், தலித், பழங்குடியினர், தோட்டத் தொழிலாளர் ஆகியோரை உள்ளடக்கிய பயனாளிப் பட்டியல் கிராமசபையில் வாசிக்கப்பட்டு, செலவு சமூகத் தணிக்கைக்கு உட்படுத்தப்பட வேண்டும். ஆபத்துள்ள மாவட்டங்களில் கொத்தனார்களுக்கும் கட்டுமானத் தொழிலாளர்களுக்கும் நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டுமானப் பயிற்சி பேரிடருக்கு முன்பே அளிக்கப்பட வேண்டும். ஒன்றிய அரசு கடனாக அன்றி மானியமாக உதவ வேண்டும். நீக்கப்பட்ட 13ஆவது பிரிவை மீட்டெடுக்க வேண்டும்.

கட்சி அணிகளுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. பேரிடர் நேர்ந்த அன்றே களத்தில் இறங்கும் பண்பில் தோழர்கள் எவருக்கும் பின்தங்கியவர்கள் அல்லர். உண்டியல் வசூலும், மீட்புப் பணியும், சமையல் கூடமும் அவர்களின் பெருமை. ஆனால் முகாம் மூடப்படும் நாளில் பணி முடிவதில்லை. பட்டியல் தயாராகும் மேசையருகிலும், கிராமசபையிலும், இரண்டாம் தவணை நின்றுபோன வீட்டின் வாசலிலும் அவர்கள் நின்றாக வேண்டும். வாலிபர், மாதர், விவசாயத் தொழிலாளர், கட்டுமானத் தொழிலாளர் சங்கங்களின் கிளைகள் இன்றே அதற்கான திறனை வளர்த்துக்கொள்ள வேண்டும்.

மைசூரிலிருந்து புறப்படும் உணவுப் பொட்டலம் முதல் வாரத்தைக் காக்கும். அதற்குப் பின் வரும் ஆண்டுகளைக் காப்பது, தம் மீட்சியைத் தாமே நடத்தும் உரிமையும் அதற்கான நிதியும் பெற்ற மக்கள் அமைப்புகளே. அவற்றைக் கட்டுவதற்கு அடுத்த அதிர்வுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.