கூடிப் பேசும் சபையும் ஆணையிடும் சபையும்

1950 ஆம் ஆண்டு ஜனவரியில் பொதுநலவாய நாடுகளின் வெளிநாட்டமைச்சர்கள் நம் கொழும்பு மாநகரிலே கூடினர். அங்கே முளைத்த கருத்தே 1951 இல் நடைமுறைக்கு வந்த கொழும்புத் திட்டம். நான்கு திங்கள் கழியுமுன், மே 9 ஆந் திகதி, பிரான்சிய வெளிநாட்டமைச்சர் ரொபேட் சூமன், பிரான்சினதும் ஜேர்மனியினதும் நிலக்கரி, உருக்கு உற்பத்தியை ஒரு பொது அதிகாரத்தின் கீழ் வைப்போம் என அறிவித்தார். ஓராண்டிற் கருக்கொண்ட இவ்விரு முயற்சிகளும் வெவ்வேறு வழிச் சென்றன. அதன் காரணத்தை அறிதல், வடகடலை நம்பி வாழும் நம்மவர்க்கு இன்றியமையாதது என்பது நம் கருத்து.

கொழும்புத் திட்டத்தில் உதவி தரும் நாடும் பெறும் நாடும் தம்முள் பேசி முடிவு செய்தன. அதன் ஆலோசனைக் குழு ஆலோசித்தது, ஆணையிடவில்லை. திட்டத்தால் மாணவர் பலர் பிறநாடு சென்று பயிற்சி பெற்றனர். அந்நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆயின் நாடுகளிடையே வழக்கொன்றைத் தீர்க்கும் ஆற்றல் அதற்கு இருந்ததில்லை.

ஐரோப்பாவிலோ, 1952 ஆகஸ்டில் லக்சம்பேர்க்கில் ‘உயர் அதிகார சபை’ பணி தொடங்கியது. முதற்றலைவர் ழான் மொனே. உறுப்பினர் ஒன்பதின்மர், ஒரு நாட்டவர் இருவருக்கு மேல் இருத்தலாகாது, எவரும் தம் அரசின் கட்டளையை ஏற்றலாகாது. அச்சபையின் தீர்மானம் ஆறு நாடுகளையும் கட்டுப்படுத்தியது. உற்பத்தியின்மீது நேரே வரி விதிக்கவும், விதியை மீறிய நிறுவனத்தைத் தண்டிக்கவும் அதற்கு உரிமையிருந்தது. அது தவறினால் தடுக்க நீதிமன்றும், கண்டிக்கப் பொது மன்றமும் இருந்தன.

இனிப் பாக்கு நீரிணையை நோக்குவோம். கடலெல்லை 1974 இல் வரையப்பட்டது. எனினும் வழக்கு ஓயவில்லை. அக்கரையின் இழுவைமடிப் படகுகள் இக்கரைக் கடற்றொழிலாளரின் வலைகளை அறுக்கின்றன. இக்கரையிலே அக்கரையார் சிறைப்படுகின்றனர். இருவரும் பேசுவது தமிழே. இழுவைமடித் தொழிலை இலங்கை 2017 இல் சட்டத்தால் தடுத்தது. அதற்கு முந்திய ஆண்டில் இரு அரசுகளும் கூட்டுப் பணிக்குழு ஒன்றை அமைத்தன. அது பலமுறை கூடிப் பேசியது. ஆணையிடும் உரிமை அதற்கில்லை. இரு கல்லூரிகள் மோதும் உதைபந்தாட்டத்தில் நடுவரை நீக்கிவிட்டு, அணித்தலைவர் இருவரும் பேசித் தீர்த்துக்கொள்க என்றால் ஆட்டம் முடியுமா?

மீன்வளம் ஒன்றையே பொருளாகக் கொண்டு, படகின் தொகை, வலையின் வகை, தொழில் செய்யும் நாள் ஆகியவற்றை வகுத்து, மீறினோரை இரு கரையிலும் ஒப்பத் தண்டிக்கும் பொதுச் சபை ஒன்று வேண்டும் என்கிறோம்.

பெரிய நாட்டுடன் சேர்ந்தால் சிறிய நாடு விழுங்கப்படாதா எனச் சிலர் வினவுவர். மிகச் சிறிய லக்சம்பேர்க்குக்கும் ஒன்பதின்மருள் ஓர் இடம் இருந்தது; ஜேர்மனிக்கு இரண்டே. உண்மையில், விதியில்லாத இடத்திலேதான் வலியவன் வெல்வான். மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. 1959 இல் நிலக்கரி விற்பனையின்றித் தேங்கியபோது, உயர் அதிகார சபை கேட்ட நெருக்கடி அதிகாரத்தை அமைச்சர் மன்றம் மறுத்தது. அரசுகள் தந்ததைத் தக்க வேளையிற் பின்னிழுத்தால் எச்சபையும் தளரும்.

நம் கல்லூரியின் பழைய மாணவருள் சட்டம் பயின்றோரும் அரச பணியாற்றுவோரும் பலர். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழினும், வடகரையில் உறவுடையோர் அவருட் பலர். இச்சபைக்கு ஒரு வரைவை அவர்கள் எழுதுவாராயின், இவ்விழா மலரின் ஏடுகளைவிட அது நெடுநாள் வாழும்.