முட்டைக் கோழியின் அண்ணன் தம்பிகள்

பண்ணைக் கோழியில் இரண்டு வகை. கறிக்கு வளர்ப்பது பிராய்லர். அதில் சேவல், பெட்டை பேதம் கிடையாது. ஐந்தாறு வாரத்தில் இரண்டு கிலோ வந்தால் லாரி ஏற்றிவிடுவார்கள். முட்டைக்கு வளர்ப்பது லேயர். நாமக்கல் பக்கம் கூண்டுகளில் வரிசையாக நிற்பவை அத்தனையும் பெட்டைகள். பொரிக்கிற குஞ்சில் பாதி சேவலாகத்தானே இருக்கும்? அவை எங்கே?

லேயர் சேவல் முட்டையும் இடாது, தின்கிற தீனிக்குச் சதையும் போடாது. அதனால் பொரித்த அன்றே ஹேச்சரியில் பிரித்துவிடுகிறார்கள். ஒரு நாள் குஞ்சில் கொண்டையும் தெரியாது, வாலும் தெரியாது. 1920களில் மசூயி, ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானியர்கள் இதற்கு வழி கண்டார்கள். குஞ்சின் பின்புறத்தை விரலால் மெல்லப் பிதுக்கினால், சேவலுக்கு உள்ளே ஊசிமுனை அளவு ஒரு மேடு தெரியும். கை பழகியவர்கள் மணிக்கு ஆயிரம் குஞ்சு பார்ப்பார்களாம்! சில இனங்களில் சிறகை விரித்தாலே போதும்: பெட்டைக்கு இறகு நெட்டையும் குட்டையுமாக இருக்கும், சேவலுக்கு ஏறக்குறைய ஒரே நீளம். தாய் தந்தையை அதற்கென்றே தேர்ந்து இணை சேர்த்திருப்பார்கள்.

பிரித்த சேவல் குஞ்சுகளை உயிரோடு இயந்திரத்தில் அரைப்பதும் வாயுவில் மூச்சடைக்கச் செய்வதும்தான் உலக வழக்கம். நம் ஊரில் தப்பிய சில, ரோஸ், பச்சைச் சாயம் பூசிக்கொண்டு திருவிழாக் கடைக்கு வருகின்றன. முதல் வாரக் குஞ்சுக்கு 33 டிகிரிக்குக் குறையாத வெப்பம் வேண்டும். அட்டைப் பெட்டிக்குள் அது ஏது? இரண்டு மூன்று நாளில் குஞ்சு செத்துப்போகும், பிள்ளை அழும்.

ஜெர்மனியில் ஆண்டுக்குச் சுமார் 4.5 கோடி சேவல் குஞ்சுகளைக் கொன்றுகொண்டிருந்தார்கள். லாபக் கணக்கு மட்டும் கொல்வதற்கு நியாயமான காரணம் ஆகாது என்று 2019இல் அந்நாட்டு உச்ச நிர்வாக நீதிமன்றம் சொன்னது. மாற்று வழி வரும்வரை அனுமதியும் தந்தது. 2022 ஜனவரி 1 முதல் சட்டமே தடுத்துவிட்டது. இப்போது முட்டைக்குள்ளேயே பார்த்துவிடுகிறார்கள். ஒரு முறையில், அடைவைத்த ஒன்பதாம் நாள் வாக்கில் லேசரால் ஓட்டில் நுண்துளை போட்டு, ஒரு சொட்டு திரவம் எடுத்து ஹார்மோனைச் சோதிக்கிறார்கள். சேவல் என்றால் அந்த முட்டை பொரிக்கும் கட்டத்துக்கே போகாது.

இதனால் முட்டை விலை சற்றுக் கூடும். கூடட்டும், கொடுக்கலாம். நம் ஹேச்சரிக்காரர்களும் கால்நடைத் துறையும் உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் இது.