புகையைப் பார்ப்பவர்கள் சில்லையும் ஆட்டிப் பார்க்கட்டும்

காரின் வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கப் போனால் காப்புறுதி கேட்கிறார்கள், புகைச் சான்றிதழ் கேட்கிறார்கள். ஸ்டியறிங் எப்படி என்று ஒருவரும் கேட்பதில்லை. லொறிக்கும் பஸ்ஸுக்கும் தகுதிச் சான்றிதழ் வேண்டும். சொந்தக் காருக்கு வேண்டாம். திருகோணமலை உட்துறைமுகப் பக்கம் கராஜ் வைத்திருக்கும் எனக்கு இந்த நியாயம் விளங்கவில்லை.

பழைய கார்க்காரர்கள் பலர் ஒரே முறைப்பாட்டோடு வருகிறார்கள். "அண்ணை, தம்பலகாமம் சந்தி தாண்டிக் கொஞ்சம் இழுத்தா ஸ்டியறிங் கையில நிக்குதில்லை. வேகத்தைக் குறைச்சாச் சரி." குறைத்தால் சரியாகிறதே என்று மாதக்கணக்கில் அப்படியே ஓடுவார்கள்.

இந்த நடுக்கத்துக்கு நூறு வயது. 1920களில் காற்றழுத்தம் குறைந்த பருத்த ரயர்களும் முன்சில்லு பிரேக்கும் பரவின. சவாரி மெத்தென்றானது, முன் அச்சின் பாரமும் கூடியது. ஒரு சில்லு மேட்டில் ஏறி அச்சு சாய்ந்தால், சுழலும் சில்லு பம்பரம் போல அந்தச் சாய்வைத் திருப்பமாக்கும்; திருப்பம் மறுபடி அச்சைச் சாய்க்கும். குறிப்பிட்ட வேகத்தில் இது தானாகவே பெருகும். பிரெஞ்சுப் பொறியியலாளர் ஜோர்ஜ் புருலியே 1925இலேயே இதை ஆராய்ந்து எழுதினார். உராய்வுத் தட்டுப் போட்டு ஸ்டியறிங்கை இறுக்கியும் பார்த்தார்கள். நடுக்கம் அடங்கும்; ஆனால் ஓட்டுபவரின் தோள் நோகும், வீதி கைக்குத் தெரியாது. இரண்டு முன்சில்லையும் பிணைத்த ஒற்றை அச்சைக் கைவிட்டதுதான் சரியான வைத்தியம். கடிலாக் 1934இல் அதைச் செய்தது. 1948இல் வந்த அலெக் இசிகோனிஸின் மொரிஸ் மைனருக்குத் தனித்தனி முன்சில்லு, ரெக்-பினியன் ஸ்டியறிங்.

மைனருக்கும் ஒரு வருத்தம் உண்டு. முன்சில்லைத் தாங்கும் கால் கீழே ஒரு மரைக்குள்தான் நிற்கிறது. கிரீஸ் வற்றினால் மரை தேயும். தேய்ந்து முடிந்தால் கால் கழன்று சில்லு மடிந்து படுத்துவிடும். நிலாவெளி வீதியின் உப்புக்காற்றிலும் மணலிலும் ஓடும் காரை நான் கிரீஸ் அடிக்காமல் அனுப்புவதில்லை.

சோதிக்கப் பெரிய இயந்திரம் தேவையில்லை. முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கிங்பின்னும் பெயரிங்கும் பேசும். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் ரை-ரொட் முனை பேசும். பிறகு சில்லை நிலத்தில் விட்டு, ஸ்டியறிங் விளிம்பு எவ்வளவு தூரம் சும்மா அசைகிறது என்று அளக்க வேண்டும். 380 மி.மீ. ஸ்டியறிங்குக்கு பிரிட்டனில் ரெக் வகையென்றால் 13 மி.மீ., பெட்டி வகையென்றால் 75 மி.மீ. அதற்கு மேல் போனால் பெயில். பத்து வயது கடந்த கார்களுக்குப் பிரேக், விளக்கு, ஸ்டியறிங் மூன்றையும் பார்க்கும் சோதனையை அந்த நாடு 1960 செப்டெம்பரிலேயே தொடங்கிவிட்டது. காரை நமக்கு விற்றவர்கள் சோதனையைத் தங்களோடு வைத்துக்கொண்டார்கள்!

சம்பளக்காரனுக்கு இது இன்னொரு செலவு என்பார்கள். செலவுதான். ஆனால் 2020இலிருந்து 2025 தொடக்கம் வரை கார் இறக்குமதி நின்றதில் நம் வீதியில் ஓடும் கார்களுக்கு வயது ஏறிவிட்டது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் பத்து வயது கடந்த கார்களுக்காவது அனுமதிப்பத்திரத்தோடு ஸ்டியறிங் சோதனையையும் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை, ஸ்டியறிங் நடுங்கினால் அலைன்மென்டுக்கு மட்டும் காசைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். முதலில் காரை ஜாக்கில் தூக்கச் சொல்லுங்கள்.