கருவி வந்தது, இணைப்பு எங்கே?

மாணவர்களுக்கு டெப் கணினி வழங்கும் வைபவங்கள் வன்னிப் பெருநிலப்பரப்பில் இன்று புதியவை அல்ல. புலம்பெயர்ந்த உறவுகளும் பழைய மாணவர் சங்கங்களும் தொண்டு நிறுவனங்களும் நல்லெண்ணத்துடன் இப்பணியில் ஈடுபடுகின்றன. கூலி வேலை செய்யும் பெற்றோரும் கடன்பட்டேனும் தம் பிள்ளைக்கு ஒன்றை வாங்கிக்கொடுத்துவிட வேண்டும் எனத் துடிக்கின்றனர். இவை யாவும் வரவேற்கத்தக்கவையே. ஆயினும், இணைய இணைப்பு இல்லாத வீட்டில் டெப் கணினி என்பது விலையுயர்ந்த கற்பலகையே அன்றி வேறில்லை. கருவியைக் கொடுப்போர் இணைப்பைப் பற்றியும், இணைப்பைக் கொடுக்கக் கடமைப்பட்டோர் இந்த மண்ணின் மக்களைப் பற்றியும் சிந்திக்காதிருப்பதே இன்றைய அவலமாகும்.

வன்னி மக்களுக்கும் தொடர்பு சாதனங்களுக்குமான உறவு சாதாரணமான ஒன்றல்ல. 1990களில் நடைமுறையிலிருந்த பொருளாதாரத் தடையின் கீழ், சாதாரண பற்றரியும் இங்கு தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்தது. வானொலிச் செய்தி கேட்பதற்கே மக்கள் படாதபாடு பட்டனர். 2009 இல் யுத்தம் முடிவுற்றபோது, மீளக்குடியேற வந்தவர்களுக்குக் கூரையே முதற்தேவையாக இருந்தது. மின்சாரமும் தொலைத்தொடர்புக் கோபுரங்களும் அதன் பின்னரே வந்தன. நாட்டின் ஏனைய பகுதிகள் இரு தசாப்தங்களில் படிப்படியாகக் கடந்த தூரத்தை, இங்குள்ள மக்கள் சில ஆண்டுகளுக்குள் ஓடிக் கடக்க வேண்டியிருந்தது.

அந்த ஓட்டத்தில் யார் பின்தங்கினர் என்பதை 2020 ஆம் ஆண்டு வெளிச்சமிட்டுக் காட்டியது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் கொவிட்-19 தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டு, கல்வி இணையவழிக்கு மாறியது. பதுளை மாவட்டத்தின் மலைக்கிராமமொன்றில் மாணவர்கள் சமிக்ஞை தேடிக் குன்றின் மீது ஏறிய காட்சி உலக ஊடகங்கள் வரை சென்றது. வன்னியின் காட்டோரக் கிராமங்களில் ஏறிநிற்பதற்குக் குன்றும் இல்லை. ஒரே கையடக்கத் தொலைபேசியை மூன்று பிள்ளைகள் முறைவைத்துப் பயன்படுத்திய குடும்பங்கள் அன்று அநேகம்.

இந்நிலைக்குக் காரணம் வெறும் அசட்டை மட்டுமல்ல. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி முல்லைத்தீவு மாவட்டத்தின் சனத்தொகை 92,238 மட்டுமே. சதுர கிலோமீற்றருக்கு 38 பேர் என்ற அடர்த்தி, அன்று நாட்டிலேயே மிகக் குறைந்ததாகும். நாட்டின் சராசரியோ முந்நூறுக்கும் மேல். ஒரு கோபுரத்தை நிறுவும் செலவு எங்கும் ஏறத்தாழ ஒன்றே. அதனைப் பயன்படுத்துவோரின் எண்ணிக்கைதான் வேறுபடுகின்றது. ஆகவே இலாபத்தை மட்டும் கணக்கிடும் நிறுவனம் ஏ-9 வீதியோரப் பட்டினங்களுக்கு முதலில் வரும். துணுக்காய்க்கும் கொக்கிளாய்க்கும் வவுனியா வடக்கின் உட்கிராமங்களுக்கும் கடைசியில்தான் வரும். சந்தை நிரப்பாத இடைவெளியை நிரப்புவதற்காகவே அரசு என்ற ஒன்று இருக்கின்றது. வெளிநாடுகளிலிருந்து வரும் அழைப்புக்களின் மீது 2003 ஆம் ஆண்டு விதிக்கப்பட்ட தொலைத்தொடர்பு அபிவிருத்திக் கட்டணத்தின் நோக்கமே, வசதியற்ற கிராமங்களுக்குத் தொலைத்தொடர்பை விரிவாக்குவதுதான். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் தம் தாய் தந்தையருடன் பேசியவர்களின் அழைப்புக்களும் அதில் அடக்கம். அந்த நிதியில் வன்னிக்குப் பங்கு கேட்பது யாசகம் அல்ல, உரிமையாகும்.

அரசு செய்யும்வரை மக்கள் காத்திருக்க முடியாது என்பதும் உண்மையே. ஆகவே, வாங்குவோரும் வழங்குவோரும் கருத்திற்கொள்ள வேண்டிய சிலவற்றை இங்கு சுட்டிக்காட்ட விரும்புகின்றோம்.

முதலாவது, டெப் கணினிகளில் இருவகை உண்டு. ஒன்று வை-பை மூலம் மட்டும் இணைவது. மற்றையது சிம் அட்டையையும் ஏற்பது. முன்னையது விலை குறைவு என்பதால் அன்பளிப்பாக வருபவற்றில் அதுவே அதிகம். வீட்டில் கம்பிவழி இணைப்பு இல்லாத கிராமத்தில் அதனை இயக்க, அருகே ஒரு ஸ்மார்ட் தொலைபேசி வேண்டும். தந்தை தொலைபேசியுடன் வயலுக்கோ கடலுக்கோ சென்றுவிட்டால் பிள்ளையின் பாடமும் அவருடனேயே சென்றுவிடும். எனவே வன்னிக்கென வாங்குவோர் சற்றுக் கூடுதலாகச் செலவிட்டேனும் 4ஜி சிம் வசதியுடையதையே தெரிவுசெய்வது நன்று. வெளிநாட்டிலிருந்து அனுப்பப்படும் கருவி ஒரு நிறுவனத்தின் சிம் அட்டைக்கு மட்டும் பூட்டப்பட்டதா, இலங்கையின் 4ஜி அலைவரிசைகளை ஏற்குமா என்பதை அனுப்பும் முன்னரே உறுதிசெய்ய வேண்டும். எந்த நிறுவனத்தின் சமிக்ஞை தமது வீட்டுக்குள் கிடைக்கின்றது என்பதையும், கடைக்காரரிடமல்ல, அயலவரிடமே கேட்டறிய வேண்டும்.

இரண்டாவது, துணைப்பொருட்கள். உறை, திரைக்கான பாதுகாப்புக் கண்ணாடி, தரமான மின்னேற்றி, பவர் பாங்க் ஆகியவை இங்கு ஆடம்பரப் பொருட்கள் அல்ல. புழுதியிலும் மழையிலும் துவிச்சக்கரவண்டியில் கொண்டுசெல்லப்படும் கருவிக்கு உறையே ஆயுள். 2022 இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு நீடித்ததையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மின்சாரமும் தொலைத்தொடர்பும் பல இடங்களில் ஒருங்கே அறுந்ததையும் நாம் மறந்துவிடலாகாது. பாடங்களை இணைப்புக் கிடைக்கும் இடத்தில் தரவிறக்கி வைத்து வீட்டில் படிப்பதற்கு, போதிய சேமிப்பிடமும் அவசியம். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழிலும் பாடங்கள் உள்ளன என்பது குறிப்பிடத்தக்கது.

மூன்றாவது, எங்கே வாங்குவது? கொழும்பிலோ இணையத்திலோ சில ஆயிரம் ரூபாய் குறைவாகக் கிடைக்கலாம். ஆனால், பழுதடைந்தால் திருப்பிக் கொடுப்பதற்குச் செல்லும் பேருந்துச் செலவும் இழக்கும் நாட்கூலியும் அந்த இலாபத்தை விழுங்கிவிடும். வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ முகம் தெரிந்த கடையில், எழுத்துமூல உத்தரவாதத்துடனும் பற்றுச்சீட்டுடனும் வாங்குவதே பொதுவில் பாதுகாப்பானது. சிம் வசதியுள்ள கருவியின் பெட்டியில் காணப்படும் பதினைந்து இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணை, அப்பெயரை ஆங்கில எழுத்தில் இட்டு இடைவெளிவிட்டு 1909 இற்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், அது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என அறியலாம். ஏமாற்றப்பட்டோர் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். கவர்ச்சியான தவணைமுறைக்கு ஒப்பமிடும் முன்னர் மொத்தத் தொகையைக் கூட்டிப்பாருங்கள். நுண்கடன் சுமையால் வன்னியின் குடும்பத் தலைவிகள் பட்ட துன்பம் இன்னும் ஆறாத வடு.

இவ்விடயத்தில் தமிழர், முஸ்லிம் என்ற வேறுபாடு இல்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முல்லைத்தீவு முஸ்லிம் மக்கள், தண்ணீரூற்றுக்கும் நீராவிப்பிட்டிக்கும் ஹிஜ்ராபுரத்துக்கும் திரும்பிய பின்னரும், பல குடும்பங்களின் வாழ்வு புத்தளத்துக்கும் வன்னிக்கும் இடையே பிரிந்தே கிடக்கின்றது. பிள்ளையின் கல்விக்காகப் புத்தளத்திலேயே தங்கிவிடுவதா, சொந்த மண்ணுக்கு வருவதா என்று தயங்கும் பெற்றோருக்கு, ஊரில் நல்ல இணைப்பு உண்டு என்பதும் திரும்பிவர ஒரு காரணமாகும். முள்ளியவளையில் அமையும் ஒரு கோபுரம் தமிழ் மாணவிக்கு ஒரு சமிக்ஞையையும் முஸ்லிம் மாணவனுக்கு வேறொன்றையும் அனுப்புவதில்லை. ஆகவே கோரிக்கையும் ஒருமித்து எழ வேண்டும்.

2017 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில், உயர்தர வகுப்பு மாணவர்கள் ஏறத்தாழ 175,000 பேருக்கும் ஆசிரியர்கள் 28,000 பேருக்கும் இலவச டெப் வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டது. அறிவித்த அளவில் அது நிறைவேறவில்லை. அதற்குப் பின்னர் ரூபாய் வீழ்ந்தது. 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 வீதமாக உயர்ந்து, முன்னர் விலக்களிக்கப்பட்டிருந்த கையடக்கத் தொலைபேசிகளும் வரிக்குள் வந்தன. இலவசமாகத் தருவோம் என்ற அரசு, வாங்குவோரிடம் வரியை மட்டும் தவறாது அறவிடுகின்றது.

பெரிய வாக்குறுதிகள் தேவையில்லை. ஒவ்வொரு கிராமத்திலும் பாடசாலை, நூலகம், சனசமூக நிலையம் ஆகியவற்றுள் ஒன்றிலேனும் மாலை வேளைகளில் இலவச வை-பை கிடைக்கச் செய்யலாம். 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்த ஸ்டார்லிங்க் செய்மதிச் சேவையின் கட்டணம் ஏழைக் குடும்பத்துக்கு எட்டாதது. ஆனால் நூறு பிள்ளைகள் பகிரும் பாடசாலைக்கு அது எட்டாததல்ல. நூறு கருவிகள் வழங்க நிதி திரட்டுவோர் எண்பது கருவிகளை வழங்கி, எஞ்சிய பணத்தில் ஓராண்டுக்கான தரவுக் கட்டணத்தைச் செலுத்தினால் பயன் பன்மடங்காகும். படிக்கும் மாணவருக்கான கருவிகளுக்கும் தரவுக்கும் வரிவிலக்கு அளிப்பது குறித்தும் அரசு பரிசீலிக்க வேண்டும்.

வன்னியின் பிள்ளைகள் தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்தும் படித்துப் பரீட்சையில் தேறியவர்கள். அவர்களது திறமைக்குக் குறைவில்லை, குறைவாயிருப்பது இணைப்பே. வைபவ மேடையில் பெட்டியைக் கையளித்துப் படம் பிடிப்பதுடன் கடமை முடிந்தது எனக் கருதுவோர், ஆறு மாதங்களின் பின்னர் அந்தப் பெட்டிக்கு என்ன நேர்ந்தது என்பதையும் ஒருமுறை சென்று பார்க்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.