கிளட்ச் பெட்டியையும் பிரித்துப் பாருங்கள்

மூட்டை இறங்கினால் குத்தூசி போட்டுப் பார்க்காமல் நாம் உள்ளே அடுக்க விடுவதில்லை. மிளகில் பப்பாளி விதை கலந்திருக்கிறதா என்று உள்ளங்கையில் கொட்டிப் பார்க்கிறோம். அதே நாம், சரக்கு வண்டிக்குக் கிளட்ச் மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொன்னால், "எவ்வளவு ஆகும், வண்டி எப்போது கிடைக்கும்" என்ற இரண்டு கேள்விகளோடு நிறுத்திக்கொள்கிறோம். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதே இல்லை. வியாபாரிக்கு இது அழகல்ல.

2005-ல் டாடா ஏஸ் வந்த பிறகு நம்மில் பலர் வாடகை வண்டியை விட்டுச் சொந்த வண்டிக்கு மாறினோம். கடலூர் முதுநகரில் பாரம் ஏற்றினால் கடைக்குக் கடை நின்று நின்றுதான் போக வேண்டும். சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனமும் மார்கழி தரிசனமும் நெருங்கிவிட்டால் தேர் வீதிகளில் வண்டி ஊர்ந்துதான் நகரும். ஓட்டுநர் பெடலைப் பாதி அழுத்தியபடியே ஓட்டுவார். லைனிங் தேய்வதும் கருகுவதும் அப்போதுதான். மழைக்காலம் வேறு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணை பெருகியதே, அதுபோன்ற வெள்ளத்தில் நின்ற வண்டியில் கிளட்ச் பிளேட் துருவேறி பிளைவீலோடு ஒட்டிக்கொள்ளவும் கூடும்.

கிளட்ச் என்பது ஒரே பொருள் அல்ல. பிளைவீல் எஞ்சினோடு சுற்றுகிறது. அதன்மேல் போல்ட் போட்டு முடுக்கிய பிரஷர் பிளேட், நடுவில் உள்ள கிளட்ச் பிளேட்டை ஸ்பிரிங் விசையால் அழுத்திப் பிடிக்கிறது. கிளட்ச் பிளேட்டின் நடுத்துளைப் பற்களில் கியர்பாக்ஸ் தண்டு பொருந்தியிருக்கிறது. பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் முன்னே சென்று ஸ்பிரிங்கின் விரல்களை அழுத்தும்; பிடி விடும். இவற்றில் எதைத் தொட வேண்டுமானாலும் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். பிளேட்டை மட்டும் மாற்றி, இரையும் பழைய பேரிங்கையே விட்டு மிச்சம் பிடிப்பவர், அதே கூலியை இன்னொரு முறை கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும்.

வண்டிக் கம்பெனி முத்திரை இல்லாததெல்லாம் போலி என்று நினைப்பதும் தவறு. வண்டிக் கம்பெனிகளே கிளட்சை வெளியில் வாங்குகின்றன; ஓசூரிலேயே கிளட்ச் செய்யும் ஆலை இருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் தம் சொந்தப் பெயரில், சொந்தப் பெட்டியில் விற்பது நேர்மையான சரக்கு. ஒருவர் பெயரை இன்னொருவர் பெட்டியில் அச்சடிப்பதுதான் போலி. போலி முத்திரைச் சரக்கை விற்றால் 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டப்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும் 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. நம் கடைத் தேயிலைக்கும் தூளுக்கும் போலி வந்தால் கொதிக்கிறோமே, வண்டிக்கு மட்டும் "டூப்ளிகேட் போதும்" என்று நாமே கேட்டு வாங்கலாமா?

பார்க்க வேண்டியது அதிகமில்லை. பழைய பிளேட்டைக் கழற்றியதும் புதியதன்மேல் வைத்துப் பாருங்கள். விட்டமும் பற்களின் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும். தண்டில் நுழைத்தால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். இறுகவும் கூடாது, ஆடவும் கூடாது. பிளைவீல் பக்கம் எது என்று பெரும்பாலும் பிளேட்டிலேயே எழுதியிருக்கும். திருப்பிப் போட்டால் கியர் விழாது. பிரஷர் பிளேட்டின் விரல்கள் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். பிளைவீலில் நீலத் திட்டோ வெடிப்போ இருந்தால் அதன்மேல் புதுப் பிளேட் போடுவது வீண். எஞ்சின் பின் சீலில் ஆயில் கசிந்தால் முதலில் அதை மாற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் புது லைனிங்கும் ஊறிப்போய் வழுக்கும். ரிலீஸ் பேரிங்கை டீசலில் அலசுவது சில பட்டறைகளில் பழக்கம். உள்ளே அடைத்த கிரீஸ் கரைந்துவிடும்; அனுமதிக்காதீர்கள்.

பில்லும் முக்கியம். 2025 செப்டம்பர் 22 முதல் உதிரி பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம்தான்; முன்பு பலவற்றுக்கு 28 இருந்தது. சரக்கு வண்டிக்கு வாங்கியதாயின், நம் ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் வாங்கினால் அந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் இது கிடையாது. "பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன்" என்பவரிடம் வாங்கினால் இந்த வரவும் போகிறது, சரக்கு கெட்டால் மாற்றிக் கேட்கும் வழியும் போகிறது. கணக்குப் பார்த்தால் அந்தக் குறைப்பு பெரும்பாலும் குறைப்பே அல்ல.

மெக்கானிக்கைச் சந்தேகப்படச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். நல்ல மெக்கானிக் பழைய சாமானைத் தாமே எடுத்துவந்து காட்டுவார். இரு ஊர் வணிகர் சங்கங்களும் அப்படி ஒருவரை அழைத்து, விடுமுறை நாள் ஒன்றில், பழைய கிளட்ச் செட் ஒன்றை மேசைமேல் பிரித்து வைத்து உறுப்பினர்களுக்கும் ஓட்டுநர்களுக்கும் காட்டச் செய்யலாம். ஒரு மணி நேரம் போதும்.