பேயா, கொலைகாரனா?

பேய்க்கதையும் துப்பறியும் கதையும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன: ஒரு மரணம், அதனால் வரும் பயம். அவை பிரிவது முடிவில்தான்.

ஆர்தர் கொனன் டொயிலின் 'பாஸ்கர்வில் வேட்டைநாய்' 1901, 1902ஆம் ஆண்டுகளில் தொடராக வெளிவந்தது. பரம்பரைச் சாபம், இருண்ட சதுப்பு நிலம், வாயில் தீ எரியும் நாய் என்று பேய்க்கதையாகவே நகரும். கடைசியில், நாயின் வாயில் பூசியிருந்தது பொஸ்பரஸ் என்றும், சொத்துக்காக ஒருவன் செய்த சூழ்ச்சி அது என்றும் தெரியவரும்.

ஹென்றி ஜேம்ஸ் 1898இல் வெளியிட்ட பேய்க்கதை இதற்கு மாறானது. பிள்ளைகளைப் பராமரிக்க வந்த ஆசிரியை கண்டது ஆவியா, மனப்பிரமையா? கதை முடிந்தும் அதற்குப் பதில் இல்லை.

துப்பறியும் கதை இறந்தவரை மீட்டுத் தராது. யார், ஏன் என்ற பதிலையாவது தரும். பதில் கிடைக்காமல் வாழும் எங்களுக்கு அது சின்ன விடயமல்ல.