பட்டனைத் தட்டினால் சாலிட் ஆகிவிடுமா?

திருமயம் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது கோட்டை. 1687-ல் ராமநாதபுரம் சேதுபதி கட்டியது. அதே ஊரில் பெல் நிறுவனத்தின் குழாய்த் தொழிற்சாலையும் இருக்கிறது. மின் நிலையங்களுக்கான குழாய் வேலை நடக்கும் இடம். 2013 ஆகஸ்டில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

கோட்டையையும் குழாயையும் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவர ஒரே வழி போதுமா? போதாது. இது புரியாததால்தான் சின்னப் பட்டறைக்காரரின் காசும், டிசைன் வேலை பார்க்கும் பையன்களின் உழைப்பும் வீணாகின்றன.

கோட்டைச் சுவரைச் சுற்றிச் சுற்றி போட்டோ எடுத்து சாஃப்ட்வேரில் கொடுத்தால் கிடைப்பது மெஷ். அதாவது, லட்சக்கணக்கான குட்டி முக்கோணங்களை ஒட்டவைத்த ஒரு தோல். உள்ளே ஒன்றும் கிடையாது. கேட் சாஃப்ட்வேரில் வரையும் சாலிட் அப்படியல்ல. 'இது சிலிண்டர், விட்டம் 20 மி.மீ., நீளம் இவ்வளவு' என்று அதற்குத் தன்னைப் பற்றித் தெரியும்.

காமர்ஸ் பாஷையில் சொன்னால், சாலிட் என்பது வவுச்சரும் லெட்ஜரும் உள்ள கணக்கு. மெஷ் என்பது பேலன்ஸ் ஷீட்டின் ஜெராக்ஸ். தொகை தெரியும், அது எப்படி வந்தது என்று தெரியாது!

1987-ல் வந்த எஸ்.டி.எல். ஃபைல்தான் இன்றும் அதிகம் கைமாறுகிறது. அதில் அளவு மில்லிமீட்டரா இன்ச்சா என்றுகூட எழுதியிருக்காது. தப்பாக எடுத்துக்கொண்டால் பொருள் 25.4 மடங்கு மாறிவிடும்.

சரி, ஃப்ரீகேட் போன்ற இலவச சாஃப்ட்வேரிலேயே மெஷ்ஷை ஷேப்பாக்கி, பிறகு சாலிடாக்கும் வசதி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு முக்கோணமும் தனித்தனி முகமாக அப்படியேதான் நிற்கும். மெஷ்ஷில் ஓட்டை, கிழிசல் இருந்தால் அதுவும் நடக்காது.

ஒரு சின்னக் கணக்கு. 20 மி.மீ. விட்டமுள்ள துளை, மெஷ்ஷில் 36 பக்கமுள்ள பலகோணமாக வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூலைகள் சரியாக வட்டத்தின் மேல் இருந்தாலும், எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே 19.92 மி.மீ.தான் இருக்கும். 20 மி.மீ. ஷாஃப்ட் உள்ளே போகாது. ஸ்கிரீனில் பார்க்க மட்டும் அழகான வட்டம்!

முக்கோணங்களைத் தானாகவே சிலிண்டராகவும் சமதளமாகவும் அடையாளம் காணும் சாஃப்ட்வேர்களும் உண்டு. நல்ல வசதிகள் பெரும்பாலும் காசு கட்டினால்தான். எளிய பொருளுக்கு அவை உதவும். ஆனால் வந்த அளவு 19.97 என்றால், அது நிஜத்தில் 20-ஆ இல்லையா என்று முடிவு செய்ய ஒரு மனிதர் வேண்டும்.

ஆகவே இயந்திர பாகத்துக்கு நேர்மையான வழி ஒன்றுதான். மெஷ்ஷை அடியில் வைத்து, பொருளைக் காலிப்பரால் அளந்து, மேலே புதிதாக வரைவது. இது 'கன்வெர்ட்' வேலையல்ல, டிசைன் வேலை. "பட்டனைத் தட்டினால் ஆயிற்று, அதுக்கு இவ்வளவா?" என்று பேரம் பேசுபவர்கள் இதை யோசிக்க வேண்டும். மலிவாக வாங்கிய ஃபைலை நம்பி லேத்தில் ஒரு இரும்புத் துண்டு வீணானால், மிச்சம் பிடித்த காசு அதிலேயே போய்விடும்.

வேலை கொடுப்பவருக்கும் ஒரு கடமை உண்டு. வரைந்தவரிடம் காசு கொடுத்து முடிக்கும்போதே எஸ்.டி.எல்.லோடு 'ஸ்டெப்' ஃபைலையும் கேட்டு வாங்கிவிட வேண்டும். அதில் அளவும் வடிவமும் சாலிடாகவே இருக்கும். பெரும்பாலான கேட் சாஃப்ட்வேர்கள் திறக்கும். பில் வாங்காமல் சரக்கு வாங்குவோமா?

கோட்டைக்கு இந்தக் கவலையெல்லாம் வேண்டாம். அந்தப் பாறையிலும் சிதைந்த கல்லிலும் சிலிண்டரைத் தேடுவது வீண். அதன் ஒவ்வொரு கோணலும் சரித்திரம். அது மெஷ்ஷாகவே இருக்கட்டும். குழாயைத்தான் திரும்ப வரைய வேண்டும். வரைந்தவருக்குக் கூலியும் கொடுக்க வேண்டும்.